குழந்தையின் விரலில் கெட்டியான கட்டி: குழந்தைப் பருவ நார்த்திசுக் கட்டிகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: ஒன்பது மாதக் குழந்தைக்குக் காலின் நான்காவது விரலில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் ஒரு கட்டி. ரோஸ் நிறம், வழவழப்பு, அமுக்கினால் கெட்டி, வலி இல்லை. மரு என்று சொல்லி இரண்டு மாதமாக அமில மருந்து தடவியும் கரையவில்லை. இப்போது பக்கத்து விரலிலும் சிறிதாக ஒன்று தெரிகிறது. ஒரு மருத்துவர் வெட்டி எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் விட்டுவிடுங்கள் என்கிறார். இது புற்றுநோயா? இதேபோல் வேறு என்னென்ன வரும்?

சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டியது குழந்தைப் பருவ விரல் நார்க்கட்டி. இது புற்றுநோய் அல்ல, நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவாது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. வெட்டியெடுத்தால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு அதே இடத்தில் திரும்ப வருகிறது. ஆகவே மரு மருந்தை இன்றே நிறுத்துங்கள். கத்திக்கு அவசரமே இல்லை. ஆனால் கட்டிக்குப் பெயர் உறுதியாகாமல் சும்மா விட்டுவிடுவதும் சரியல்ல. இந்தக் குடும்பத்துக் கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாச் சிக்கலும் பெயர் தெரிவதற்கு முன்பே மருந்தோ கத்தியோ முந்திக்கொள்வதால்தான் வருகிறது.

மருவா, நார்க்கட்டியா என்பதை நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணாலேயே ஓரளவு பிரிக்கலாம். மருவின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். விரல் தோலில் ஓடும் மெல்லிய ரேகைகள் மருவின் விளிம்பில் வந்து அறுந்துவிடும். மேல்தோலை லேசாகச் சீவினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். நார்க்கட்டியிலோ மேல்தோல் முழுசாக இருக்கும், உள்ளிருந்து தள்ளப்பட்டு இழுபட்டதால் பளபளக்கும், ரேகைகள் அறுபடாமல் விரிந்து மங்கும். கட்டியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தால் தோலோடு சேர்ந்தே நகரும், தோலை விட்டுத் தனியாக வழுக்காது. காரணம், அது தோலின் உள்ளடுக்கிலேயே முளைத்தது. தவிர, ஒரு வயதுக்குள் மரு வருவது குறைவு. கைக்குழந்தையின் விரலில் மருபோல் எது தெரிந்தாலும் அமிலமோ திரவ நைட்ரஜனோ வைக்கும் முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். அமிலம் நார்த்திசுவைக் கரைக்காது. மேலிருக்கும் ஆரோக்கியமான தோலைத்தான் புண்ணாக்கும். அந்தப் புண் ஆறும்போது வரும் தழும்பு, பின்னால் பயாப்சி (திசுத் துண்டுப் பரிசோதனை) பார்ப்பவரையும் குழப்பும்.

விரல் நார்க்கட்டி எங்கே வருகிறது என்பதே அதன் பெரிய அடையாளம். கையிலோ காலிலோ மூன்று, நான்கு, ஐந்தாம் விரல்களின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டோதான் இதன் இடம். கட்டைவிரலிலும் கால் பெருவிரலிலும் இது வருவது மிக மிக அபூர்வம். அங்கே கெட்டியான கட்டி இருந்தால் வேறு பெயரைத் தேட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பிறக்கும்போதே இருக்கும். மீதியில் பெரும்பாலானவை முதல் வயதுக்குள் தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து விரல்களில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கட்டிகள் வருவது சகஜம். அது பரவுகிறது என்று பொருளல்ல, தனித்தனியாக முளைத்தவை. அளவு பொதுவாக 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. முதல் சில மாதம் மெதுவாக இருந்து, பிறகு ஒரு வயதை ஒட்டிச் சட்டென வளரும் காலம் ஒன்று உண்டு. பெற்றோர் பயந்து அறுவைக்குச் சம்மதிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் வளர்ச்சி நின்று, தட்டையாகி, மென்மையாகிக் கரையத் தொடங்கும்.

இதைத் தனி நோயாக 1965-இல் விவரித்தவர் டக்ளஸ் ரே என்ற ஆஸ்திரேலிய நோயியல் நிபுணர். ஆஸ்பிரினோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ரே நோய்க்குறிக்குப் பெயர் தந்தவரும் இவரே. இந்தக் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் கதிர்போல் நீண்ட செல்கள் கற்றை கற்றையாக மேல்தோலுக்குச் செங்குத்தாக ஓடும். பல செல்களுக்குள், உட்கருவை ஒட்டினாற்போல், உருண்டையான இளஞ்சிவப்புத் துணுக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். அளவில் கிட்டத்தட்ட ஒரு ரத்தச் சிவப்பணு. அவசரமாகப் பார்ப்பவர் அதைச் சிவப்பணு என்றே கடந்துபோய்விடலாம். மேசன் டிரைக்ரோம் சாயத்தில் அது சிவப்பாகப் பளிச்சென்று எழும். அந்தத் துணுக்கு வைரஸாக இருக்குமோ என்று ஆரம்பத்தில் சந்தேகித்தார்கள். எவ்வளவோ தேடியும் வைரஸ் கிடைக்கவில்லை. அது செல்லின் சொந்த ஆக்டின் (செல் சுருங்க உதவும் புரதம்) இழைகள் சுருண்டு சேர்ந்த உருண்டை என்பது பிறகு தெரிந்தது. காயம் ஆறும்போது தோலைச் சுருக்கி இழுக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்தான் இந்தக் கட்டியின் அடிப்படை. விரலை அது வளைத்து இழுப்பதற்குக் காரணமும் அதுவே. ஸ்லைடில் செல் பிரிதல் ஒன்றிரண்டு தெரிந்தால் அதை வைத்து மட்டும் யாரும் புற்று என்று சொல்லக் கூடாது. வளரும் கட்டத்தில் உள்ள கட்டியில் அது இயல்பு.

அடுத்த கேள்வி, பயாப்சி தேவையா என்பது. சரியான வயது, சரியான விரல், சரியான தோற்றம், அதோடு இரண்டு விரலில் ஒரே மாதிரி கட்டி என்றால் அனுபவமுள்ள குழந்தைத் தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சிலர் பயாப்சி இல்லாமலே கண்காணிப்பார்கள், அதில் தவறில்லை. ஏதாவது ஒன்று இடித்தாலும், அதாவது இடம் வேறு, நிறம் ஊதா, புண், வேகம், எலும்போடு ஒட்டிய உணர்வு என்று எது இருந்தாலும், ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதே நல்லது. எப்படியானாலும் விரலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு இயல்பாக இருக்க வேண்டும். பெண் குழந்தைக்கு விரல் நார்க்கட்டியோடு முகத்தில் நிறம் மாறிய குழிவான புள்ளிகளும், கை கால் எலும்புகளில் உருவக் கோளாறும் இருந்தால் அது ஃபிலாமின் ஏ மரபணுவில் மாற்றம் உள்ள தனி நோய்க்குறி. அந்தக் கட்டிகளில் மேலே சொன்ன இளஞ்சிவப்பு உருண்டைகள் இருக்காது.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், விரலுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து மூன்று படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நகத்துக்கு நேராக முன்னிருந்து ஒன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். உயரத்தை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் கட்டி கரையத் தொடங்குவது முதலில் உயரத்தில்தான் தெரியும். குழந்தையின் விரலும் கூடவே வளர்வதால் வெறும் மில்லிமீட்டர் கணக்கு ஏமாற்றும். நகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அளவைவிட முக்கியமானது மூட்டு. விரலின் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். முழுசாக நீளுகிறதா? விரல் ஒரு பக்கமாகச் சாய்கிறதா? பக்கத்து விரல் மேல் ஏறுகிறதா? இந்த மூன்றில் ஒன்று புதிதாக வந்தால் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். காலில் கட்டி இருக்கும் குழந்தை நடக்க ஆரம்பிக்கும்போது முன்பக்கம் அகலமான காலணி போட்டால் உரசல் குறையும். உரசித் தோல் கிழிந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவி மென்மையான துணி சுற்றினால் போதும்.

தலையிட வேண்டிய நிலைமை வந்தால் நடுவழி ஒன்று உண்டு: கட்டிக்குள் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. சில வார இடைவெளியில் பல முறை போட வேண்டியிருக்கும். கட்டி கெட்டியானது என்பதால் மருந்து எளிதில் உள்ளே போகாது. அழுத்திச் செலுத்தினால் பக்கத்துத் தோலடியில் கசிந்து தோல் மெலிந்து வெளுத்துப்போகும். அதனால் நுண்ணிய ஊசி, பூட்டு வைத்த சிரிஞ்சு, மிகக் குறைந்த அளவு, கட்டியின் நடுவில் மட்டும் என்று போடத் தெரிந்தவரிடம் போக வேண்டும். ஃப்ளூரோயுராசில் ஊசியையும் சிலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெயர் உறுதியாகாத கட்டிக்குள் ஸ்டீராய்டு போடவே கூடாது. பிறகு எடுக்கும் பயாப்சியில் திசுவின் இயல்பான அமைப்பு கலைந்திருக்கும்.

அறுவைக்குக் காரணம் ஒன்றுதான்: விரலின் வேலை கெடுவது. மூட்டு மடங்கி இறுகுவது, விரல் கோணுவது, நடக்க முடியாமல் போவது, நகத்தடி சிதைவது. தோற்றத்துக்காகவோ பயத்துக்காகவோ ஒன்றரை வயதில் வெட்டினால், அந்தக் கட்டி வளரும் கட்டத்திலேயே இருப்பதால் தையல் ஆறுவதற்குள்ளேயே தலைகாட்டலாம். இரண்டாவது அறுவையில் தோல் போதாமல் ஒட்டுத்தோல் வைக்க வேண்டிவரும். கட்டி மேல்தோலுக்கு நேர் கீழே இருப்பதால் மேலிருக்கும் தோலைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே மட்டும் குடைந்தெடுப்பது நடக்காது. ஓரத்தில் செல்களை விட்டுவைத்தால் வளரும். ஓரத்தை அகலமாக எடுத்தால் நரம்பு, ரத்தக்குழாய், தசைநாண் எல்லாம் ஒரு சில மில்லிமீட்டர் தூரத்தில். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், அலட்சியத்தால் அல்ல. விரலையே எடுக்கும் யோசனை இந்தக் கட்டிக்கு ஒருபோதும் எழக் கூடாது. யாராவது அப்படிச் சொன்னால் ஸ்லைடை வேறொரு நிபுணரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ மயக்க மருந்து தருவது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. தேவையான ஒரு குறுகிய அறுவையை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் தேவையில்லாத ஒரு அறுவை, அது திரும்ப வந்து இரண்டாவது, மூன்றாவது என்று நீள்வதற்கு எதிராக இது ஒரு நல்ல காரணம்.

இனி, விரலுக்கு வெளியே வரும் இதே குடும்பத்துக் கட்டிகள். எல்லாமே அபூர்வம். அவற்றுள் அதிகம் காணப்படுவது மயோஃபைப்ரோமா. பாதிக்கு மேல் பிறக்கும்போதோ பிறந்த சில வாரங்களிலோ தெரியும், கிட்டத்தட்ட எல்லாமே இரண்டு வயதுக்குள். தலை, கழுத்து, உடற்பகுதி ஆகியவை வழக்கமான இடங்கள். ரப்பர்போல் கெட்டியாக, ஊதா கலந்த சிவப்பில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்து ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி என்று முடிவுசெய்து அதற்கான மருந்தான புரோப்ரனலால் கொடுத்துவிடுகிறார்கள். ஹெமாஞ்சியோமா பொதுவாகப் பிறந்த சில வாரம் கழித்து எழும்பும், அமுக்கினால் ஓரளவு அமுங்கும், டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் பொங்கித் தெரியும். மயோஃபைப்ரோமா அமுங்காது. அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தடித்த சுவரும் கறுத்த நடுப்பகுதியுமாகத் தெரியும். மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில் நிறமோ அளவோ மாறவில்லை என்றால் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் நோயின் பெயரையே சந்தேகிக்க வேண்டும்.

மயோஃபைப்ரோமாவில் கேட்க வேண்டிய பெரிய கேள்வி, எத்தனை என்பது. தோலில் ஒன்றே ஒன்று என்றால் கவலை குறைவு. பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் சுருங்கும், எடுத்தாலும் திரும்ப வருவது பத்தில் ஒன்று என்ற அளவில்தான். தோலிலும் எலும்பிலும் பல கட்டிகள் இருந்தாலும் குழந்தை பொதுவாக நன்றாகவே இருக்கும். எலும்பு ஓட்டைகள் எக்ஸ்ரேயில் பயமுறுத்தும், பிறகு அவையே மூடிக்கொள்ளும். உள்ளுறுப்புகளில், அதிலும் நுரையீரல், இதயம், குடல் ஆகியவற்றில் இருந்தால் கதை வேறு. அது முதல் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நோய். எனவே தோலில் மயோஃபைப்ரோமா என்று பயாப்சி சொன்ன கைக்குழந்தைக்கு உடல் முழுவதும் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் முழு உடல் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. அது கிடைக்காத இடத்தில் எலும்புகளின் எக்ஸ்ரே, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், இதய எக்கோ ஆகியவை. குழந்தைக்குப் பால் குடிக்கும்போது மூச்சிறைப்பு, தொடர் வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை இருந்தால் இந்தப் பரிசோதனைகளை அன்றைக்கே தொடங்க வேண்டும். உள்ளுறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவு வின்பிளாஸ்டின், மீத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் தருவது பழகிய வழி. 2013-இல் இந்த நோய் வரும் குடும்பங்களில் பிடிஜிஎஃப்ஆர்பி என்ற மரபணுவில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பலனாக, அந்த மரபணு உருவாக்கும் ஏற்பியை (செல்லுக்கு வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதம்) அடைக்கும் இமாட்டினிப் போன்ற மருந்துகள் கடினமான சில குழந்தைகளுக்கு உதவியிருக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் கட்டி வந்து மறைந்திருக்கலாம், அவருக்கே நினைவில்லாமல். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

அக்குளில், மேற்கையில், தோள்பட்டையில், அரையிடுக்கில், முதுகில் தோலடியில் மொத்தையாக ஒரு கட்டி, ஆண் குழந்தை, இரண்டு வயதுக்குள் என்றால் நினைக்க வேண்டியது குழந்தைப் பருவ நார் ஹமார்டோமா (இயல்பான திசுக்களே ஒழுங்கில்லாமல் சேர்ந்த கட்டி). இதையும் முதலில் 1956-இல் எழுதியவர் அதே ரே. 1965-இல் எஞ்சிங்கர் என்ற நோயியல் நிபுணர் இப்போதைய பெயரை வைத்தார். கட்டிக்கு மேலே உள்ள தோலைக் கவனித்தால் சில குழந்தைகளுக்கு அந்த இடத்தில் மட்டும் முடி அடர்ந்திருக்கும், வியர்வை அதிகமாக இருக்கும். நுண்ணோக்கியில் மூன்று பொருள்கள் கலந்து தெரியும்: நார்க் கற்றைகள், முதிர்ந்த கொழுப்பு, முதிராத இளம் செல்கள் சுழலாகக் கூடிய தீவுகள். ஊசியில் எடுத்த மெல்லிய துண்டில் கொழுப்பு மட்டும் வந்தால் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று முடிவாகிவிடும். இளம் செல்கள் மட்டும் வந்தால் சர்கோமா (மென்திசுப் புற்று) என்ற பயம் எழும். இரண்டுமே நடக்கக்கூடிய தவறுகள். 2016 முதல் இதில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் 20-ஆம் எக்ஸானில் (மரபணுவின் ஒரு பகுதி) செருகல் மாற்றம் இருப்பது தெரியும். சந்தேகமான துண்டில் அதைச் சோதிக்கலாம். விரல் நார்க்கட்டியைப் போல இது தானாகக் கரைவதில்லை. ஐந்து வயது வரை மெதுவாக வளர்ந்து நின்றுவிடும். முழுமையாக எடுத்தால் பொதுவாகத் திரும்ப வராது, வந்தாலும் இன்னொரு சிறு அறுவையில் தீரும். எனவே இதற்குத்தான் கத்தி சரியான பதில், அதுவும் அகலமான ஓரம் எடுக்காமல், பக்கத்து நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டு.

உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ, பள்ளிக்குப் போகும் வயதில், வலியில்லாமல் மெதுவாக வளரும் கெட்டியான கட்டி ஒன்று உண்டு: சுண்ணாம்பு படியும் அப்போனியூரோட்டிக் ஃபைப்ரோமா. 1953-இல் கீஸ்பி என்ற நோயியல் நிபுணர் விவரித்தது. எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் பெயர் பாதி உறுதி. இதுவும் பாதிக்குப் பாதி திரும்ப வரும், குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகமாக. விரல் அசைவைப் பலிகொடுத்து முழுசாக எடுக்க முயல வேண்டாம்.

பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் கழுத்தின் பக்கவாட்டில் முட்டைவடிவில் உருளும் கட்டியும், தலை ஒரு பக்கமாகச் சாய்வதும் தோலின் நோய் அல்ல, கழுத்துத் தசையில் வரும் நார்த்திரட்சி. அல்ட்ராசவுண்ட் போதும், பயாப்சி வேண்டாம். தினமும் பலமுறை மெதுவாகக் கழுத்தை நீட்டும் பயிற்சியில் பெரும்பாலானவை ஒரு வயதுக்குள் சரியாகும். இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு விலகல் கூடவே இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு கட்டிகள் தம்மளவில் சாது, ஆனால் பெரிய விஷயத்தைச் சொல்ல வந்தவை. முதலாவது கார்ட்னர் ஃபைப்ரோமா: முதுகில், முதுகெலும்பை ஒட்டி, தோலடியில் பலகைபோல் படர்ந்த கெட்டி. ஸ்லைடில் செல்களே குறைவாக, வெறும் கொலாஜன் என்ற நார்ப்புரதக் குவியலாகத் தெரியும். பல குழந்தைகளில் இது ஏபிசி மரபணு மாற்றத்தின் முதல் அறிகுறி. அந்தக் குடும்பங்களில் பின்னாளில் பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகளும் (குடல் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டிகள்) அவற்றிலிருந்து புற்றும் வரும். அறுவை செய்த இடத்திலேயே டெஸ்மாய்டு என்ற பிடிவாதமான கட்டி எழலாம். எனவே கட்டியை எடுத்ததோடு கோப்பை மூடாமல், மரபணுச் சோதனையும் குடும்பத்தினரின் குடல் வரலாறும் கேட்கப்பட வேண்டும். இரண்டாவது ஹயலின் ஃபைப்ரோமாட்டோசிஸ்: உச்சந்தலையில் கட்டிகள், மூக்கு, காதோரத்தில் முத்துமுத்தாகப் பருக்கள், ஈறு தடித்துப் பல்லை மூடுவது, மூட்டுகள் நீட்ட முடியாமல் இறுகுவது. ஏஎன்டிஎக்ஸ்ஆர்2 மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் இதனால்தான் அதிகம். கடுமையான வடிவத்தில் தீராத வயிற்றுப்போக்கும் புரத இழப்பும் சேர்ந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் மரபணு ஆலோசனை கட்டாயம்; ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு.

எல்லாம் சாதுவான கட்டிகள் என்று இருந்துவிட முடியாததற்குக் காரணம், இதே முகமூடியில் வரும் இரண்டு கட்டிகள். குழந்தைப் பருவ ஃபைப்ரோசர்கோமா முதல் வயதில், பெரும்பாலும் கை காலில், வாரத்துக்கு வாரம் வளரும். தோல் சிவந்து இழுபட்டு மின்னும், ரத்தக்குழாய்கள் மேலே நெளியும், புண்ணாகி ரத்தம் கசியும். இதுவும் ஹெமாஞ்சியோமா என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. இதன் மரபணு இணைவு, ஈடிவி6-உடன் என்டிஆர்கே3, 1998-இல் கண்டறியப்பட்டது. அந்த இணைவை நேரடியாக அடக்கும் லாரோட்ரெக்டினிப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு காலை இழக்கவேண்டியிருந்த குழந்தைகள் இப்போது வாய்வழி மருந்தில் கட்டி சுருங்கிப் பிறகு சிறு அறுவையோடு தப்புகிறார்கள். சரியான சிகிச்சையில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்பதால்தான் பெயர் தாமதமாகக் கூடாது. இன்னொன்று டெர்மட்டோஃபைப்ரோசர்கோமா, அதன் குழந்தை வடிவமான ராட்சதச் செல் ஃபைப்ரோபிளாஸ்டோமா. இது அவசரப்படாது. நீலம் கலந்த அல்லது பழுப்பான, சில சமயம் குழிந்த தகடுபோல் ஆண்டுக்கணக்கில் தோலில் கிடக்கும், பிறவி மச்சம், தழும்பு, ரத்தக்குழாய்க் குறை என்று பல பெயர் பெறும். பரவுவது அரிது, ஆனால் குறைவாக எடுத்தால் வேர்விட்டதுபோல் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கட்டி ஏற்கும் அதே சிடி34 சாயத்தை ஏற்கும் சாதுவான தகடு ஒன்றும் குழந்தைகளின் தோலில் உண்டு என்பதால், சாயத்தை மட்டும் நம்பாமல் பிடிஜிஎஃப்பி மரபணு இணைவைச் சோதித்த பிறகே பெரிய அறுவைக்குப் போக வேண்டும்.

பிறக்கும்போதே உள்ள கெட்டியான கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டுவது, சில வாரத்தில் இரட்டிப்பாவது, புண்ணாவது, அடியில் தசையோடோ எலும்போடோ அசையாமல் ஒட்டியிருப்பது, காறை எலும்புக்கு மேலே இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாட்கணக்கில் பயாப்சிக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் அல்ல. மூக்கின் நடுக்கோடு, உச்சந்தலை நடு, முதுகெலும்பின் நடுக்கோடு ஆகியவற்றில் உள்ள கட்டியில் எம்ஆர்ஐ பார்க்காமல் ஊசிகூடக் குத்தக் கூடாது. உள்ளே மூளை அல்லது தண்டுவட உறையோடு தொடர்பு இருக்கலாம்.

பயாப்சி எடுக்கும் விதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, பிறகே துண்டு; வரிசை மாறினால் வீக்கமும் ரத்தக்கட்டும் படத்தைக் குழப்பும். தோலடியில் இருக்கும் கட்டிக்கு 3 மில்லிமீட்டர் பஞ்ச் (வட்டமாகத் துளைத்துத் துண்டெடுக்கும் கருவி) போதாது; மேலேயுள்ள இயல்பான தோல் மட்டும் வந்து "குறிப்பிடும்படி எதுவுமில்லை" என்ற அறிக்கை வரும், எல்லோரும் நிம்மதியடைந்துவிடுவார்கள். தோல், கொழுப்பு, கட்டி மூன்றும் அடங்கிய ஆப்புத் துண்டு, அல்லது ஸ்கேன் பார்த்தபடி பல இடத்தில் எடுத்த தடித்த ஊசித் துண்டுகள் வேண்டும். கை காலில் கீறலை உறுப்பின் நீளவாக்கில் போட வேண்டும். குறுக்கே போட்டால், நாளைக்குப் பெரிய அறுவை தேவைப்பட்டால் அந்தத் தழும்பையும் சேர்த்தெடுக்க அதிகத் தோல் போகும். எடுத்த துண்டை இடுக்கியால் நசுக்காமல், திசுவைப் போலப் பத்து மடங்கு 10% பார்மலினில் உடனே போட வேண்டும். உப்புநீரில் இரவு முழுக்க வைத்த துண்டு பயன்படாது. விண்ணப்பத்தில் "கட்டி, பயாப்சி" என்று மட்டும் எழுதி அனுப்புவது நோயியல் நிபுணரின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். வயது மாதக் கணக்கில், பிறக்கும்போது இருந்ததா, எந்த விரல், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், எத்தனை கட்டி, எவ்வளவு வேகம், முன்பு அமிலமோ ஊசியோ வைத்தார்களா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று எழுதினால்தான் அவர் சரியான சாயங்களைக் கேட்பார்.

அறிக்கை வந்த பிறகு பெற்றோர் வாங்கி வைக்க வேண்டியது காகிதம் மட்டுமல்ல. மெழுகில் பதித்த திசுக்கட்டையைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மரபணு இணைவுச் சோதனைகள் பெரும்பாலும் அந்தக் கட்டையிலிருந்தே செய்யலாம், குழந்தையை மறுபடி குத்த வேண்டாம். அறிக்கையில் "கதிர் செல் கட்டி, மேற்கொண்டு ஆராயவும்" என்று மட்டும் இருந்தால் அது முடிவல்ல. குழந்தைகளின் மென்திசுக் கட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் நோயியல் நிபுணரிடம் ஸ்லைடையும் கட்டையையும் அனுப்பி இரண்டாவது கருத்து கேட்கலாம். அதற்கு உங்கள் மருத்துவர் மனம் கோண மாட்டார். இந்தக் கட்டிகள் அவ்வளவு அபூர்வம் என்பதை அவரே அறிவார்.